குழந்தையைக் காணோம் என்ற அழைப்பு: முதலில் என்ன கேட்பது?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில், அவசர அழைப்புகளை எடுத்து ரோந்து வாகனங்களுக்குத் தகவல் அனுப்பும் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிகிறேன். புதிதாக வந்திருப்பவர்களுக்கு, குழந்தை காணாமல்போன அழைப்பைக் கையாளக் கற்றுத்தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கிடைத்திருப்பது ஒரே நாள். ராமேசுவரத்தில் கூட்டம் குவியும் ஆடி அமாவாசையும் நெருங்குகிறது. எங்களிடம் உள்ள படிவம் பெயர், தந்தை பெயர், முகவரி என்று தொடங்குகிறது. அதையே சொல்லிக்கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் படிவத்தின் வரிசை வழக்குப் பதிவுக்கு ஏற்றது, தேடுவதற்கு ஏற்றதல்ல. கடற்கரையில் நிற்கும் காவலருக்குத் தந்தை பெயரும் கதவு எண்ணும் எதற்கு? கடைசியாக எங்கே பார்த்தார்கள், எப்போது, என்ன வயது, இப்போது உடம்பில் என்ன உடை என்ற நான்கும் தெரிந்தால் அவர் தேடத் தொடங்கிவிடுவார். இவை கிடைத்த உடனே வயர்லெஸ்ஸில் தகவல் போய்விட வேண்டும். மற்றவற்றை, வண்டி கிளம்பிய பிறகு இணைப்பைத் துண்டிக்காமலே கேட்டுக்கொள்ளலாம். உங்களிடம் இருக்கும் ஒரு நாளில் பெரும்பகுதியை இந்த வரிசைக்கே கொடுங்கள்.

இந்த நான்குக்கும் முன்னால் திரும்ப அழைக்க ஓர் எண் வேண்டும். ராமேசுவரத்தில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. கோவிலுக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை. பதறி ஓடிவரும் தாய் சங்குக் கடைக்காரரின் கைபேசியிலோ ஆட்டோ ஓட்டுநரின் கைபேசியிலோதான் பேசுவார். பேசி முடித்ததும் கைபேசி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். எனவே அந்தக் கடைக்காரரையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி, தாயை அங்கேயே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். கூட வந்தவர்களில் ஒருவர், குழந்தையைக் கடைசியாகப் பார்த்த இடத்தை விட்டு நகரக் கூடாது. குழந்தை அங்கேயே திரும்பி வரலாம்.

'எங்கே' என்ற கேள்விக்குக் 'கோவிலில்' என்று பதில் வந்தால் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகிறவரை அங்கேயே நிறுத்துங்கள். மூன்றாம் பிரகாரத்தில் எந்தத் தூணருகே நின்றாலும் ஒரே காட்சிதான். கோவிலுக்குள் எத்தனையாவது தீர்த்தக் கிணற்றில் நனைந்துகொண்டிருந்தீர்கள், எந்தக் கோபுர வாசல் வழியாக வெளியே வந்தீர்கள், இப்போது உங்கள் எதிரே என்ன தெரிகிறது என்று கேட்கப் பழக்க வேண்டும். வடக்கிலிருந்து வந்தவருக்குத் தெருப் பெயர் தெரியாது. எதிரே தெரிவதைச் சொல்லிவிடுவார். 'பச்சே கோ ஆக்கிரி பார் கஹான் தேக்கா?' (குழந்தையைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?) என்பது போன்ற பத்து இந்தி வாக்கியங்களையும், அதேபோல் தெலுங்கிலும், தமிழ் எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். மொழி தெரிந்தவர் இணைப்புக்கு வரும்வரை அது தாங்கும்.

பலரும் சறுக்குவது உடையில்தான். 'என்ன உடை?' என்றால் தாய் சொல்வது காலையில் தன் கையால் போட்டுவிட்ட சிவப்புச் சட்டை. அந்தச் சட்டை, கோவிலுக்கு எதிரே கடலில் உள்ள அக்னி தீர்த்தத்தில் இறங்கும் முன்பே கழற்றப்பட்டுப் பைக்குள் கிடக்கும். பிள்ளை ஈர ஜட்டியோடு, தோளில் ஒரு துண்டோடு அலைந்துகொண்டிருப்பான். ஊரே சிவப்புச் சட்டையைத் தேடும். எனவே கேள்வி இப்படி இருக்கட்டும்: 'குளித்தாகிவிட்டதா? அந்தச் சட்டை இப்போது யார் கையில் இருக்கிறது?' அப்படியே, அன்று காலை கோபுரத்தின் முன் எடுத்த படம் யாருடைய கைபேசியில் இருக்கிறது என்று விசாரித்து வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய பிறந்தநாள் படத்தைவிட முகமும் முடிவெட்டும் அதில் சரியாக இருக்கும்.

அடுத்தது, கடல். சிறு பிள்ளை என்றாலே முதல் வண்டி நீர்க்கரைக்குப் போக வேண்டும்; வழிதவறிய பிள்ளை பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் அழுதுகொண்டு நிற்கலாம், தண்ணீர் அவ்வளவு நேரம் தராது. ஆட்டிசம் உள்ள குழந்தையா என்று கட்டாயம் கேளுங்கள். அவர்களில் பலரைத் தண்ணீர் ஈர்க்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராமலும் போகலாம். தேடுபவருக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும். தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையிலிருந்து அழைப்பு வந்தால் பெண் கடல் (வங்கக் கடல்) பக்கமா, ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கமா என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரருக்கு அது போதும். வெளியூர்க்காரரிடம் 'சாலை முடிவை நோக்கி நின்றால் இடப்பக்கமா, வலப்பக்கமா' என்று கேளுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் ஒவ்வொருவர் கண்ணெதிரிலும் இருக்கட்டும்.

யாரோ அழைத்துப் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், தீவின் அமைப்பே உங்களுக்குத் துணை. தரைவழியே வெளியேற பாம்பனில் ஒரு சாலைப் பாலம், ஒரு ரயில் பாலம், அவ்வளவுதான். பாலத்தின் மறுகரையான மண்டபம் பக்கத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் தகவல் முதல் சில நிமிடங்களிலேயே போக வேண்டும். ஊருக்குள் தேடிக் களைத்த பிறகு அல்ல. ஏர்வாடி, தேவிபட்டினம், சேதுக்கரை போன்ற இடங்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே எந்தெந்தச் சாலைச் சந்திப்புகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதை இப்போதே வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

'24 மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள்' என்ற சொல் உங்கள் அறையில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. காணாமல்போன குழந்தை பற்றிய புகாரை, கடத்தலாக இருக்கலாம் என்ற அனுமானத்தோடு முதல் தகவல் அறிக்கையாகவே பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. 'இது எங்கள் காவல் நிலைய எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பவும் முடியாது. பதினாறு வயதுப் பெண் என்றதும் 'காதல் விவகாரமாக இருக்கும்' என்று தேடும் வேகத்தைக் குறைப்பவர்களும் உண்டு. பதினெட்டு நிரம்பாதவரை அவள் குழந்தைதான்.

பயிற்சியைச் சொற்பொழிவாக நடத்தாதீர்கள். இருவரை முதுகோடு முதுகாக உட்காரவையுங்கள். முகம் தெரிந்தால் நடிப்பு சுலபமாகிவிடும். ஒருவர் தாய். அவர் அழ வேண்டும், கத்த வேண்டும், நடுவில் இந்திக்குத் தாவ வேண்டும், ஒருமுறை இணைப்பையே துண்டிக்க வேண்டும். மூன்றாமவர் கையில் கடிகாரம்: முதல் தகவல் மைக்கில் போக எத்தனை நொடி ஆனது என்பது மட்டுமே அவர் கவலை. 'பயப்படாதீர்கள், கிடைத்துவிடுவான்' என்று யாராவது சொன்னால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கொடுக்க முடியாத வாக்கு அது. 'வண்டி கிளம்பிவிட்டது, நான் இணைப்பிலேயே இருக்கிறேன்' என்பது உண்மை, தாய்க்கு அதுதான் தெம்பு.

பலர் மறக்கும் ஒன்று: தாய் 112-இல் பேசும்போதே, அழுதுகொண்டு நிற்கும் குழந்தையைப் பார்த்த ஒருவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்திருக்கலாம். ஒவ்வொரு அழைப்பின்போதும் கிடைத்த குழந்தைகளின் பட்டியலையும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது எல்லா அடையாளங்களையும் சொல்லிவிடாதீர்கள். தழும்பு, அரைஞாணில் கோத்த தாயத்து என்று ஒன்றை மறைத்துவைத்து, உரிமை கோரி வருபவரிடம் கேளுங்கள். குழந்தை கிடைத்துவிட்டால் முதல் தகவல் யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் அதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாம்பனில் இரவு முழுக்க வேன்களை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருப்பார்கள், அடுத்த அழைப்புக்கு ஆள் இருக்காது.