செப்ஸ்டோ கோட்டையைக் கட்டியது எந்த வில்லியம்?

வேல்ஸில் உள்ள செப்ஸ்டோ கோட்டையைக் கட்டியவர் ஒரு புத்தகத்தில் வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பர்ன், இன்னொன்றில் வில்லியம் மார்ஷல் என்று இருப்பதால் கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். இருவருக்கும் இடையே நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி, அவ்வளவுதான்.

1067-இல் வை ஆற்றங்கரைப் பாறைமேல் வேலையைத் தொடங்கியவர் ஃபிட்ஸ்ஆஸ்பர்ன். ஆனால் அவர் 1071-இலேயே போரில் இறந்துவிட்டார். அதனால் நடுவில் நிற்கும் பெரிய கல் மாளிகையை அவர் கணக்கில் எழுதாதீர்கள். அது இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியமே கட்டியதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

மார்ஷல் 1189-இல் கோட்டையின் வாரிசான இசபெல் டி கிளேரை மணந்தபோது கோட்டை அவர் கைக்கு வந்தது. வாயில் கோபுரம் அவர் காலத்து வேலை. அதன் மரக்கதவுகளைக் கட்டாயம் சேருங்கள். மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 1190-க்கு முந்தையவை என்று தெரிந்தது. ஐரோப்பாவின் மிகப் பழைய கோட்டைக் கதவுகள் அவைதான். 1962 வரை வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தன! இப்போது உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எண்ணூறு வருட மழையையும் வெயிலையும் தாங்கிய மரம் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம், மார்ட்டன் கோபுரத்தை மார்ட்டன் கட்டவில்லை. கட்டியவர் ரோஜர் பிகாட், 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்ட ஹென்றி மார்ட்டன் அங்கே சிறையிருந்து 1680-இல் இறந்தார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.