இங்கிலாந்தில் பள்ளிச் சேர்க்கை மேல்முறையீட்டுக் குழுவில் தன்னார்வலராகச் சேரலாமா? அனுபவம் எப்படி இருக்கும்?

தாராளமாகச் சேருங்கள். அதிலும் தமிழர்கள் சேர வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். நான் லண்டன் புறநகர் ஒன்றில் சில வருடங்களாக இந்தக் குழுவில் இருக்கிறேன். கல்வித்துறைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, கணக்கு வழக்கு பார்க்கிற வேலை. நான் எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும்தான் பொருந்தும், ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை வேறு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) வழியாக விண்ணப்பித்த பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி என்று செகண்டரிக்கு மார்ச் 1, பிரைமரிக்கு ஏப்ரல் 16 வாக்கில் தெரிந்துவிடும். கேட்ட பள்ளி கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்வது பெற்றோரின் சட்டப்படியான உரிமை. அதை விசாரிப்பது நீதிபதி கிடையாது, சம்பளம் வாங்காத குறைந்தது 3 பேர் கொண்ட குழு. அதில் ஒருவராவது கல்வி அனுபவம் உள்ளவராக, அல்லது அந்தப் பகுதிப் பள்ளிகளின் நிலவரம் தெரிந்தவராக, அல்லது பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோராக இருக்க வேண்டும். இன்னொருவர், பள்ளியை நடத்திய அனுபவமோ பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவமோ இல்லாத 'லே மெம்பர்'. நான் இந்த இரண்டாவது வகை. அந்தக் கவுன்சிலின் உறுப்பினரோ, குறிப்பிட்ட பள்ளியின் இப்போதைய அல்லது முன்னாள் கவர்னரோ (நிர்வாகக் குழு உறுப்பினர்) அந்தப் பள்ளிக்கான குழுவில் உட்கார முடியாது. பயிற்சி எடுக்காமல் யாரையும் விசாரணையில் உட்கார வைக்க மாட்டார்கள். போக்குவரத்துச் செலவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

விசாரணைகள் பெரும்பாலும் மே, ஜூன், ஜூலையில், வேலை நாளில், பகலில் நடக்கும். அதனால் முதலிலேயே உங்கள் மேலாளரிடம் பேசிவிடுங்கள். சில நாட்களுக்கு முன்பு ஒரு கட்டுக் காகிதம் வரும், இப்போது நிறைய இடங்களில் மின்னஞ்சலில். நான் முதலில் பார்ப்பது பெயர்களைத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலோ கோயிலிலோ பார்த்த குடும்பம் என்றால் உடனே கிளார்க்கை, அதாவது குழுவுக்கு உதவும் அலுவலரை, கூப்பிட்டுச் சொல்லி அந்த வழக்கிலிருந்து விலகிவிட வேண்டும், தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஊர்களில் இது அடிக்கடி வரும். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்க வேண்டும். ஒரு குடும்பம் இரவெல்லாம் விழித்து எழுதிய கடிதத்தை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு வந்து உட்காருவதை என்னால் ஏற்கவே முடியாது.

விசாரணைக்கு இரண்டு கட்டம். முதலில் பள்ளி தரப்பு பேசும். உதாரணத்துக்கு, செகண்டரி தொடங்கும் ஏழாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு 30 வீதம் 6 பிரிவு, மொத்தம் 180 இடம், எல்லாம் நிரம்பிவிட்டது, இன்னும் சேர்த்தால் படிப்பு கெடும் என்பார்கள். லேபில் இடம் போதாது, நடைபாதையில் நெரிசல், சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு ஷிஃப்ட் என்று காரணங்கள் வரும். கேள்வி கேட்பது நம் வேலை. "எட்டாம் வகுப்பில் இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள்?" என்று கேட்டால் 184 என்று பதில் வரலாம். "அந்த நாலு பேர் கூடுதலாக வந்ததால் என்ன சிரமம் ஏற்பட்டது, சொல்லுங்கள்" என்று அடுத்துக் கேட்க வேண்டும். சில பள்ளிகள் தெளிவாகப் பதில் சொல்லும், சில பள்ளிகள் காகிதத்தையே திரும்ப வாசிக்கும். சேர்க்கை விதிகளைச் சரியாகப் பின்பற்றினார்களா, தூரத்தைச் சரியாக அளந்தார்களா என்பதையும் இங்கேதான் பார்ப்போம். பள்ளி தன் தரப்பை நிரூபித்துவிட்டால் இரண்டாவது கட்டம்: கூடுதலாக ஒரு பிள்ளையைச் சேர்ப்பதால் பள்ளிக்கு வரும் சிரமம் பெரிதா, இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளி கிடைக்காமல் போவதால் வரும் பாதிப்பு பெரிதா என்று எடை போடுவோம்.

நம் ஆட்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆஃப்ஸ்டெட் (பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு) அறிக்கை, தேர்வு முடிவுகள், மகன் வாங்கிய சான்றிதழ்கள் என்று ஒரு ஃபைலே கொண்டு வருவார்கள். நல்ல பள்ளி என்பதற்காக மட்டும் இடம் கொடுத்துவிட முடியாது, அது எல்லாப் பிள்ளைக்கும்தான் நல்ல பள்ளி. இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்தப் பள்ளி என்பதுதான் கேள்வி, அதற்கான பதிலைப் பல வீடுகளில் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ஒருமுறை ஓர் அம்மா (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், விசாரணைகள் ரகசியமானவை) அப்படி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். "கிடைத்திருக்கிற பள்ளிக்கு இவனோடு படித்த பிள்ளைகள் யாராவது போகிறார்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். இரண்டு வருடமாக அவனைச் சில பையன்கள் துன்புறுத்தியதைப் பற்றிப் பிரைமரி தலைமையாசிரியர் எழுதியது. அதே பையன்கள் போகிற பள்ளியில்தான் இவனுக்கும் இடம் கிடைத்திருந்தது. வீட்டு விஷயத்தை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று அதை அனுப்பாமலே வைத்திருந்திருக்கிறார். தாமதமாக வந்த ஆதாரத்தை ஏற்பதா வேண்டாமா என்று குழுதான் முடிவு செய்ய வேண்டும். பள்ளி தரப்பிடம் கருத்துக் கேட்டு, எல்லோரும் படிக்க நேரம் கொடுத்து, அதை ஏற்றுக்கொண்டோம். முடிவு என்ன என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

தமிழர்கள் சேர வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். தமிழ்க் குடும்பத்துக்குச் சலுகை காட்டுவதற்காக இல்லை, அப்படி நினைப்பவர் தயவுசெய்து வராதீர்கள். அந்த மௌனம் எதனால் வருகிறது என்று புரிந்தவர் ஒருவர் மேசையின் இந்தப் பக்கம் இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படும். சோமாலிக் குடும்பமோ போலந்துக் குடும்பமோ வந்தாலும் அதே பொறுமையோடு கேட்க நாம் கற்றுக்கொள்வோம்.

மனசுக்குக் கஷ்டமானது ரிசெப்ஷன் (முதல் வகுப்புக்கு முந்தைய வருடம்), முதல், இரண்டாம் வகுப்பு வழக்குகள். ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்ட வரம்பு. அந்த வரம்பைத் தாண்ட வேண்டிய நிலை என்றால், சேர்க்கை விதிகள் சட்டத்துக்கு முரணாகவோ தவறாகவோ பயன்பட்டு அதனால்தான் பிள்ளைக்கு இடம் போனது, அல்லது நியாயமான எந்த நிர்வாகமும் எடுத்திருக்க முடியாத முடிவு என்று நிரூபித்தால் மட்டுமே பெற்றோர் ஜெயிக்கலாம். எவ்வளவு உண்மையான கஷ்டம் என்றாலும் கஷ்டத்தை மட்டும் வைத்து இடம் தர முடியாது. இரண்டு பிள்ளைகளை இரண்டு பள்ளிகளில் ஒரே நேரத்தில் எப்படி விடுவது என்று அழுகிற அம்மாவிடம் நியாயம் இருக்கும், ஆனாலும் முடியாது என்றுதான் எழுத வேண்டியிருக்கும். தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளி வழக்குகளில் வேறு மாதிரிச் சிக்கல். லெவன் பிளஸ் என்ற அந்த நுழைவுத் தேர்வில் தேறாத பிள்ளையின் பள்ளி ரிப்போர்ட் போன்ற ஆதாரத்தை வைத்துத்தான் முடிவு செய்யலாம், நாமாக ஒரு சோதனை வைத்துப் பார்க்கக் கூடாது.

முடிவு பெரும்பான்மைப்படி, சரிசமமாகப் பிரிந்தால் தலைவரின் ஓட்டு தீர்மானிக்கும். நாம் சொன்னால் பள்ளி பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும், அந்தப் பொறுப்பு லேசானது இல்லை. ஏன் அந்த முடிவு என்று பெற்றோருக்குப் புரியும்படி கடிதத்தில் காரணம் இருக்க வேண்டும், கிளார்க் எழுதினாலும் காரணங்களை நாம்தான் தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் அதிக நேரம் வாதாடுவது இந்தக் காரணங்களுக்காகத்தான்.

சேர விரும்பினால் உங்கள் கவுன்சில் தளத்தில் பள்ளி மேல்முறையீட்டுக் குழு உறுப்பினர் என்று தேடுங்கள், இல்லையென்றால் கவுன்சில் கூட்டங்களைக் கவனிக்கும் டெமாக்ரடிக் சர்வீசஸ் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். சில அகாடமிகளும் (கவுன்சிலின் கீழ் வராத அரசு நிதிப் பள்ளிகள்) சர்ச் பள்ளிகளும் தனியாக ஆள் தேடும். சட்டப் படிப்பு எதுவும் தேவையில்லை. இலையுதிர் காலத்திலேயே எழுதிப் போட்டால் குளிர்காலத்தில் பயிற்சி முடித்து மே மாத விசாரணைகளுக்குத் தயாராகிவிடலாம். ஏற்கெனவே நடக்கும் ஒரு விசாரணையைப் பார்வையாளராக உட்கார்ந்து பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள், பெற்றோர் சம்மதித்தால் சில கவுன்சில்கள் விடுகின்றன.