யுரேனியத்தின் பச்சைக் குளோரைடு: கேள்வி பதில்

ஒரு யுரேனியத்தோடு நான்கு குளோரின் சேர்ந்த உப்பான யுரேனியம் டெட்ராகுளோரைடு பற்றி வந்த கேள்விகளில் ஒன்றையொன்று ஒட்டியவற்றைச் சேர்த்து, வரிசைப்படுத்திப் பதில் சொல்கிறேன்.

பிளஸ் டூ மாணவர்: சார், இது பார்க்க எப்படி இருக்கும்? சாப்பாட்டு உப்பு மாதிரி தண்ணீரில் கரையுமா?

கரும்பச்சைப் படிகம். நீரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அடர்த்தி. 590 டிகிரி செல்சியஸில் உருகும், 790 வாக்கில் கொதிக்கும். தண்ணீரிலும் கரையும், பச்சைக் கரைசல் வரும். ஆனால் அந்தக் கரைசலைக் காய்ச்சி வற்றவைத்தால் பழைய பொருள் கிடைக்காது. மழைக்காலத்தில் நீர்விட்ட சமையல் உப்பை வெயிலில் வைத்தால் சரியாகிவிடும். இங்கே அது நடக்காது. நீரிலிருக்கும் ஆக்சிஜனை யுரேனியம் பிடித்துக்கொள்ள, குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாகக் கிளம்பிவிடும். யுரேனியத்துக்கு ஆக்சிஜன் மேல் இருக்கும் இந்தப் பிடிப்பை நினைவில் வையுங்கள் தம்பி. கீழே வரும் பல கேள்விகளுக்கு அதுதான் விடை.

எம்.எஸ்சி. மாணவி: அப்படியானால் எப்படித் தயாரிக்கிறார்கள்?

ஆக்சைடிலிருந்துதான். ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு குளோரினைக் கொடுக்கும் பொருள் ஒன்று வேண்டும். கார்பன் டெட்ராகுளோரைடு இரண்டையும் செய்யும். ஆனால் போகிற ஆக்சிஜன் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயுவாகப் போகும். ஆய்வகங்களில் ஹெக்சாகுளோரோபுரோப்பீன் என்ற திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த வினை கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, சட்டென்று வெப்பத்தைக் கக்கும். சமன்பாட்டில் ஒரே வரியாகத் தெரிவதை நம்பிவிடாதீர்கள்.

வேதியியல் ஆசிரியை: யுரேனியத்தைக் கண்டுபிடித்தவர் கிளாப்ராத் என்று பாடம் நடத்துகிறோம். சில புத்தகங்களில் பெலிகோ பெயரும் வருகிறதே?

இரண்டுமே சரி. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1789-இல் பெர்லினில் மார்ட்டின் கிளாப்ராத் பிட்ச்பிளெண்ட் கனிமத்திலிருந்து ஒரு கரும்பொடியை எடுத்து, புது உலோகம் என்று அறிவித்தார். தனிமம் புதியதுதான், ஆனால் கையில் இருந்தது அதன் ஆக்சைடு. அன்றைய வழக்கப்படி கரியோடு சேர்த்து உலையில் வைத்தாலும் ஹைட்ரஜன் செலுத்தினாலும் அந்த ஆக்சிஜன் முழுவதும் விடவில்லை. அதனால் ஐம்பது ஆண்டுகள் அதையே உலோகம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

1841-இல் பாரிஸில் யூஜீன் பெலிகோ அதே பொடியைக் கரியோடு கலந்து, சூட்டில் குளோரினைச் செலுத்தினார். பச்சைக் குளோரைடு வந்தது. கூடவே கார்பனின் ஆக்சைடு வாயுக்களும் வந்தன. உலோகத்தில் ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? குளோரைடைப் பகுத்து எடைபோட்டபோது கணக்கும் உதைத்தது. "யுரேனிய"த்தையும் குளோரினையும் கூட்டினால் எடுத்த எடையைவிட அதிகம் வந்தது. இன்றைய அணு எடைகளை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்: 100 கிராம் டெட்ராகுளோரைடிலிருந்து 37 கிராம் குளோரின், 71 கிராம் யுரேனியம் டை ஆக்சைடு. கூட்டினால் 108. அந்தக் கூடுதல் எட்டும் பகுக்கும்போது சேர்த்த நீரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஆக்சிஜன். பிறகு பெலிகோ பிளாட்டினம் மூசையில் குளோரைடைப் பொட்டாசியத்தோடு சூடாக்கினார். குளோரினைப் பொட்டாசியம் எடுத்துக்கொண்டது, உண்மையான யுரேனிய உலோகம் மிஞ்சியது. வகுப்பில் இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள் அம்மா.

வாசகர் ஒருவர்: அணுகுண்டில் இந்த உப்புக்குப் பங்கு உண்டா ஐயா?

உண்டு, அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. இயற்கை யுரேனியத்தில் குண்டுக்கு வேண்டிய 235 எடையுள்ளது நூற்றுக்கு 0.72 மட்டுமே, மீதி கிட்டத்தட்ட எல்லாம் 238. இரண்டையும் காந்தத்தால் பிரிக்க எர்னஸ்ட் லாரன்ஸ் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உருவாக்கிய கருவி காலுட்ரான். யுரேனியத்தை முதலில் ஆவியாக்க வேண்டும். உலோகம் 4,000 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், டெட்ராகுளோரைடோ வெற்றிடத்தில் சில நூறு டிகிரியிலேயே ஆவியாகும். அந்த ஆவியை எலக்ட்ரான்களால் அயனியாக்கி, காந்தப்புலத்தில் அரைவட்டமாக வளைத்தால், எடை குறைந்தது சற்றே உள்ளே வளையும்.

டென்னசியின் ஓக் ரிட்ஜில் ஒய்-12 ஆலை இந்த முறையில்தான் ஓடியது. போரில் செம்புக்குத் தட்டுப்பாடு என்பதால் காந்தச் சுருள்களுக்கு அமெரிக்கக் கருவூலத்திலிருந்து சுமார் 13,000 டன் வெள்ளியைக் கடன் வாங்கினார்கள். குமிழ்களையும் மீட்டர்களையும் கவனித்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், என்ன தயாராகிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. செலுத்திய உப்பில் பெரும்பகுதி கருவியின் உட்சுவரில்தான் படிந்தது. அதைக் கழுவியெடுத்து, ஆக்சைடாக்கி, மறுபடி குளோரைடாக்கி, மறுபடி செலுத்த வேண்டும். வேதியியலாளர்களின் உழைப்பு அங்கேதான் போயிற்று. ஹிரோஷிமாவில் வெடித்த குண்டின் யுரேனியம் கடைசிக் கட்டமாகக் கடந்தது இந்த ஆலையைத்தான்.

பொறியியல் மாணவர்: இன்று செறிவூட்டலுக்கு, அதாவது 235-இன் பங்கைக் கூட்டுவதற்கு, யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு பயன்படுத்துகிறார்களே, குளோரைடு ஏன் ஆகாது?

மையவிலக்குக் கருவி மூலக்கூறின் மொத்த எடையைப் பார்க்கிறது. இயற்கையில் ஃபுளோரினுக்கு 19 என்ற ஒரே ஐசோடோப்புதான் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுவகைதான் ஐசோடோப்பு), ஆகவே எடை வித்தியாசம் யுரேனியத்தால் மட்டுமே வரும். குளோரினுக்கு 35, 37 என்று இரண்டு இருப்பதால் யுரேனியத்தின் வித்தியாசம் அதில் கலந்துபோகும். காலுட்ரானில் பறப்பது தனி யுரேனிய அயனி, அதனால் அங்கே இந்தப் பிரச்சினை எழவில்லை.

ஆராய்ச்சி மாணவி: கார்பன் சேர்மங்களோடு உலோகத்தைப் பிணைக்கும் கரிம உலோக வேதியியலில் இதற்குப் பயன்பாடு?

யுரேனியச் சேர்மங்கள் பலவற்றுக்கு இதுதான் தொடக்கப் பொருள். 1968-இல் பெர்க்லியில் ஸ்ட்ரைட்வீசரும் மியூலர்-வெஸ்டர்ஹாஃபும் இதோடு சைக்ளோஆக்டாடெட்ராயீன் வளையத்தின் பொட்டாசியம் உப்பை வினைபுரியவைத்து யுரேனோசீனைப் பெற்றார்கள். எட்டுக் கார்பன் வளையங்கள் இரண்டு, நடுவில் யுரேனியம். இரும்பை நடுவில் கொண்ட ஃபெரோசீனின் பெரிய அக்கா. காற்றுப் பட்டால் தீப்பற்றும்.

செங்கல்பட்டு வாசகர்: கல்பாக்கத்தில் இதற்கு வேலை உண்டா?

இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோக எரிபொருளை உருகிய உப்பில் மறுசுத்திகரிக்கும் ஆய்வு நடக்கிறது. அதில் தேவைப்படுவது ஒரு குளோரின் குறைந்த தம்பி, யுரேனியம் டிரைகுளோரைடு. லித்தியம், பொட்டாசியம் குளோரைடுகளின் கலவையை 500 டிகிரி வாக்கில் உருக்கி அதைக் கரைப்பார்கள். பயன்படுத்திய எரிபொருள் நேர்மின்வாய். மின்சாரம் செலுத்தினால் யுரேனியம் எஃகு எதிர்மின்வாயில் போய்ப் படியும், சீசியம் போன்றவை உப்பிலேயே தங்கும். நீரில் இதைச் செய்யவே முடியாது.

ஒருவர்: இணையத்தில் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தியாவில் யுரேனியத்தைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தோலுக்கு வெளியே அதன் ஆல்ஃபா கதிரால் பெரிய ஆபத்தில்லை, ஆனால் கரையும் யுரேனியம் உடலுக்குள் போனால் முதலில் அடிபடுவது சிறுநீரகம்.

பொறியியல் மாணவர், மறுபடியும்: குளோரினின் இரண்டு ஐசோடோப்புகள் உலையிலும் தொல்லை தருமா?

நல்ல கேள்வி. உருகிய குளோரைடையே எரிபொருளாகக் கொண்ட வேக நியூட்ரான் உலைகளுக்கு அமெரிக்காவில் டெர்ராபவர் போன்ற நிறுவனங்கள் முயல்கின்றன. குளோரின்-35 நியூட்ரானை விழுங்கி, மூன்று லட்சம் ஆண்டு அரை ஆயுள் கொண்ட குளோரின்-36 ஆகும். நியூட்ரானும் நட்டம், நெடுங்காலக் கழிவும் சேரும். எனவே குளோரினையே 37 பக்கம் செறிவூட்டிப் பயன்படுத்துவதைப் பற்றி யோசிக்கிறார்கள். செலவு கூடும், ஆனால் இந்த வகை உலை பெரிய அளவில் வரவேண்டுமானால் அதைத் தவிர்ப்பது கடினம் என்பது என் கருத்து.