தோலுக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர்: மாத்திரைச் சீட்டு யார் கையில்?

கேள்வி: எனக்கு வயது 44, தையல் வேலை. ஒன்பது வருடமாக சொரியாசிஸ். தோல் டாக்டர் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தருகிறார். நான்கு மாதமாக நடுவிரல் வீங்கியிருக்கிறது. காலையில் குதிகாலை ஊன்ற முடியவில்லை. எலும்பு டாக்டர், 'ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், வாதம் இல்லை' என்று வலி மாத்திரை கொடுத்தார். நான் யாரிடம் போவது?
- வாசகி, ஈரோடு

பதில்: அந்த 'நெகட்டிவ்' உங்களை ஏமாற்ற வேண்டாம். ஆர்.ஏ. ஃபேக்டர் முடக்குவாதத்துக்கான சோதனை. சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதத்தில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும், உடலில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தச் சோதனைகள்கூடப் பலருக்குச் சரியாகவே இருக்கும். தோலில் வந்து பத்து வருடம் போல ஆன பிறகு மூட்டைப் பிடிப்பதும் வழக்கம்தான். விரல் ஒரு கணுவில் மட்டும் வீங்காமல் முழுசாக உருண்டிருக்கிறதா? காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கிறதா? நகத்தில், தைக்கும்போது விரலில் மாட்டும் உங்கள் அங்குஸ்தானில் இருப்பதுபோல் பொடிக் குழிகள் உண்டா? இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத் தாமதத்திலேயே மூட்டு அரிக்கத் தொடங்கலாம்.

போக வேண்டியது ருமட்டாலஜிஸ்ட்டிடம், அதாவது மூட்டுவாத நிபுணரிடம். அரசு மருத்துவமனையில் 'மூட்டுவலி' என்று மட்டும் சொன்னால் முடநீக்கியலுக்குச் சீட்டு போட்டுவிடுவார்கள்; அது எலும்பு டாக்டர்கள் இருக்கும் வேறு பிரிவு. தோல் டாக்டரையும் விட்டுவிட வேண்டாம். சொரியாசிஸ் எப்போது, எங்கெங்கே வந்தது, மெத்தோட்ரெக்ஸேட் எத்தனை மில்லிகிராம், எந்தக் கிழமை, கடைசியாக ரத்த அணுக்களும் ஈரலும் பரிசோதித்தது எப்போது என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

பெரிய ஆபத்து இங்கேதான். மூட்டுக்கும் அதே மெத்தோட்ரெக்ஸேட்தான். இருவரும் வெவ்வேறு பிராண்டில் எழுதினால் 15 மில்லிகிராம் 30 ஆகிவிடும். வாரத்துக்கு 25-ஐத் தாண்டுவது வழக்கமில்லை. அதனால் அந்த மாத்திரையை எழுதுபவர் ஒருவராகவே இருக்கட்டும். மற்றவர் அளவை மாற்றச் சொன்னாலும் அவர் வழியாகவே மாறட்டும். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்ஸசோல் இதோடு சேரவே கூடாது. வலி மாத்திரை சாப்பிடுவதையும் இருவரிடமும் சொல்லுங்கள், அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

மூட்டுக்கு ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் இரண்டே நாளில் ஆளே மாறிவிட்டதுபோல் இருக்கும். நிறுத்தியதும் தோல் சீறிக் கிளம்பலாம், சீழ்க்கொப்புளமாகக்கூட. தோல் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

மெத்தோட்ரெக்ஸேட்டிலும் அடங்காவிட்டால் பயாலஜிக் ஊசி உண்டு; நோய் எதிர்ப்பு மண்டலத்தில் அழற்சியைத் தூண்டும் பொருளைக் குறிவைத்துத் தடுக்கும் மருந்து அது. தோலுக்கும் மூட்டுக்கும் ஒன்றே போதும் என்பதால் இரு டாக்டர்களும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். அதற்குமுன் காசநோய், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் அவசியம். எப்போதாவது கண் சிவந்து வலித்திருந்தாலோ, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு இருந்திருந்தாலோ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். எந்த ஊசி என்பதே மாறும்.

விரல் நன்றாக வீங்கியிருக்கும் காலையில் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் அன்றைக்கு வீக்கம் வடிந்திருக்கும்.