எல்4–எல்5 டிஸ்க்கில் ஏன் எல்5 நரம்பு?

வணக்கம். அம்மாவுக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற தட்டு) பிதுங்கியிருப்பது எல்4–எல்5 நடுவில், அதாவது இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு இடையில். அங்கே வெளியேறுவது எல்4 நரம்பு. டாக்டர் ஏன் எல்5 அழுந்துகிறது என்கிறார் எனக் கேட்டிருந்தீர்கள். அவர் சொன்னது சரிதான்.

எல்4 நரம்பு டிஸ்க்குக்குச் சற்று மேலேயே, எல்4 எலும்பின் அடியை ஒட்டி வெளியேறிவிடும். டிஸ்க் பெரும்பாலும் பின்பக்கம் கொஞ்சம் ஓரமாகப் பிதுங்கும். அதைக் கடந்து கீழே இறங்கும் எல்5 நரம்பின் வேர்தான் (தண்டுவடத்திலிருந்து கிளம்பும் பகுதி) மாட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1–எல்2 மட்டத்திலேயே முடிந்துவிடும், அப்புறம் எல்லாம் இறங்கும் வேர்கள்தான்.

எல்5 பலவீனமானால் கால் கட்டைவிரலை மேலே தூக்கும் வலு குறையும். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதைக்கும் அனிச்சை முக்கியமாக எல்3, எல்4 வழி. அது பொதுவாக நன்றாகவே இருக்கும்.

சிறுநீர் அடைத்தாலோ உட்காரும் இடம் மரத்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.