வாசகர் கேள்வி பதில்: நெட்சூட்டுக்கு டைப்ஸ்கிரிப்ட்ல எழுதலாமா?

கேள்வி: நாங்க ஒரு சின்ன டீம் சார், க்ளையன்ட்டுங்களுக்கு நெட்சூட்ல (கணக்கு, பில்லிங் பார்க்கற ஆன்லைன் பிசினஸ் சாஃப்ட்வேர்) சூட்ஸ்கிரிப்ட், அதாவது அதுக்குள்ள ஓடற ஜாவாஸ்கிரிப்ட் கோடு, எழுதித் தர்றோம். இதுவரைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலை ப்ரவுசர் வழியா நெட்சூட்டோட ஃபைல் கேபினட்ல (ஃபைல் வைக்கற இடம்) ஒவ்வொண்ணா அப்லோட் பண்றோம். புதுசா சேர்ந்த பையன், டைப் (எண்ணா, ஸ்ட்ரிங்காங்கற வகை) சொல்லி எழுதற டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாறிடலாம், சூட்கிளவுட் சிஎல்ஐன்னு கமாண்ட் கொடுத்து ஓட்டற டூல் போட்டா எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்ங்கறான். நிஜமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமா மாறுங்கம்மா. ஆனா "அதுவே பார்த்துக்கும்"ங்கறதை மட்டும் நம்பாதீங்க. சூட்கிளவுட் சிஎல்ஐ ஆரக்கிளே தர்ற டூல், 2016ல நெட்சூட்டை வாங்கினது அவங்கதான். என்பிஎம்ல (நோட் ஜேஎஸ் பேக்கேஜ்களை இறக்கற டூல்) இன்ஸ்டால் பண்ணலாம், நோட் ஜேஎஸ் இருந்தா மட்டும் போதாது, ஜாவா ஜேடிகேவும் மெஷின்ல இருக்கணும், இதை விட்டுட்டு எரர் வருதேன்னு முழிக்கறவங்க நிறைய. இந்த டூலோட வேலை ஃபைலையும் ஆப்ஜெக்ட்டையும் (கஸ்டம் ஃபீல்டு மாதிரி) அக்கவுன்ட்ல ஏத்தறது இறக்கறது, அவ்வளவுதான். டைப் சரியா தப்பான்னு அது பார்க்காது, நெட்சூட்டும் டைப்ஸ்கிரிப்ட் ஃபைலை அப்படியே ஓட்டாது. அந்தச் சோதனையெல்லாம் உங்க மெஷின்லயே, ஏத்தறதுக்கு முன்னாடி, டைப்ஸ்கிரிப்ட்டை ஜாவாஸ்கிரிப்ட்டா மாத்தற டிஎஸ்சி கம்பைலர் பண்ணணும்.

அதுக்கு நெட்சூட் மாட்யூல்களோட டைப் விவரம் வேணும் இல்லையா, ஹிட்க் நெட்சூட் டைப்ஸ்னு ஒரு பேக்கேஜ் என்பிஎம்ல இருக்கு, அதைப் போட்டுக்கோங்க. டிஎஸ்கான்ஃபிக்ல (டிஎஸ்சியோட செட்டிங்ஸ் ஃபைல்) மாட்யூலை ஏஎம்டின்னு வைங்க, ஏன்னா சூட்ஸ்கிரிப்ட் எதிர்பார்க்கறது டிஃபைன்னு ஆரம்பிக்கற அந்த வடிவத்தைத்தான். அவுட்புட் ஃபோல்டரை ப்ராஜெக்ட்ல இருக்கற ஃபைல்கேபினட் சூட்ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குத் திருப்பி விட்டுட்டா, சிஎல்ஐ அங்கிருந்து எடுத்துக்கும்.

இதனால என்ன லாபம்னா, இதைப் பாருங்க. சர்ச் ரிசல்ட்ல இருந்து தொகையை எடுத்தா அது எண்ணா வராது, ஸ்ட்ரிங்கா வரும். 100ஐயும் 18ஐயும் கூட்டினா 118 வரணும், ஜாவாஸ்கிரிப்ட்ல 10018னு ஒட்டிக்கிட்டு வந்து நிக்கும், யாரும் எரர் சொல்ல மாட்டாங்க, இன்வாய்ஸ் போனப்புறம் க்ளையன்ட்தான் சொல்வார். டைப்ஸ்கிரிப்ட்ல மொத்தத்தை நம்பர்னு அறிவிச்சு வச்சிருந்தா கம்பைல் ஆகும்போதே நிறுத்திடும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும், பில்லிங் கோடை டைப் இல்லாம எழுதவே கூடாதுன்னுதான் சொல்வேன்.

இன்னொண்ணு முக்கியம். க்ளையன்ட் தனியா உருவாக்கின கஸ்டம் ஃபீல்டு எதுவும் அந்த டைப் பேக்கேஜுக்குத் தெரியாது. கஸ்ட்பாடின்னு ஆரம்பிக்கற ஐடில ஒரு எழுத்து மாறினாலும் கம்பைலர் கம்முனு விட்டுடும். ஆப்ஜெக்ட் இம்போர்ட் கமாண்ட் போட்டு அந்த ஃபீல்டுகளோட எக்ஸ்எம்எல்லை இறக்கி, ஐடியையெல்லாம் ஒரே ஃபைல்ல யூனியன் டைப்பா (இந்தப் பேருங்க மட்டும்தான் செல்லும்னு சொல்ற பட்டியல்) எழுதி வச்சு, ஃபீல்டு படிக்கற எழுதற சின்ன ஃபங்ஷன் ரெண்டு வச்சு அது வழியா மட்டும் போங்க. ஆரம்பத்துல கொஞ்சம் வேலைதான், ஆனா அதுக்கப்புறம் எழுத்துப்பிழை அக்கவுன்ட் வரைக்கும் போகாது.

கடைசியா சூட்கிளவுட் கான்ஃபிக் ஃபைல்ல, அக்கவுன்ட்ல ஏத்தற டிப்ளாய் கமாண்டுக்கு முன்னாடி ஓடற மாதிரி ஒரு ஹூக் வைக்கலாம். அதுல டிஎஸ்சியை ஓட்டி, தப்பு இருந்தா டிப்ளாய் நின்னுடற மாதிரி செஞ்சுடுங்க. அவசரத்துல யாரும் கம்பைல் பண்ணாம பழைய ஃபைலை ஏத்திட முடியாது பாருங்க.

கேள்வி: டைப்ஸ்கிரிப்ட்ல எந்த எரரும் இல்லை, ஃபைலும் ஏறிடுச்சு, ஆனா ஸ்கிரிப்ட் ரெக்கார்ட் (ஸ்கிரிப்ட்டை நெட்சூட்ல பதிவு பண்றது) உருவாக்கப் போனா நெட்சூட் ஏத்துக்கவே மாட்டேங்குது. ஏன் அண்ணா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஏறின ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்து மேல பாருங்க தம்பி. ஏபிஐ வெர்ஷன் 2.1, ஸ்கிரிப்ட் டைப் என்னன்னு சொல்ற கமென்ட் அங்க இருக்கா? நெட்சூட்டுக்கு அது வெறும் கமென்ட் இல்லை, அதைப் படிச்சுத்தான் ஸ்கிரிப்ட்டையே அடையாளம் காணுது. டிஎஸ்கான்ஃபிக்ல ரிமூவ் கமென்ட்ஸ் ஆன்ல இருந்தா அது காணாமப் போயிருக்கும், ஆஃப் பண்ணிட்டு மறுபடி கம்பைல் பண்ணுங்க. அப்படியே டிப்ளாய் கமாண்டோட டிரைரன் ஆப்ஷனையும் சேர்த்து ஒருதடவை ஓட்டுங்க, எதுவும் மாறாது, என்னென்ன ஏறப்போகுதுன்னு மட்டும் காட்டும்.