பைக்கில் எச்.ஐ.டி. ஹெட்லைட் நாமே மாட்டலாமா?

வண்டியோடு வந்த ஹாலஜன் (இழை எரியும் பல்பு) வெளிச்சம் போதவில்லை, எச்.ஐ.டி. (மின்வில்லால் எரியும் விளக்கு) கிட் வாங்கி நானே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். நானும் மாட்டினேன். ஐந்து மாதம் ஓட்டிவிட்டுக் கழற்றிவிட்டேன். இரண்டு கதையையும் சொல்கிறேன்.

2014-இல் வாரம் தவறாமல் இரவில் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கரும்பு வெட்டும் காலத்தில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: டிராக்டர் டிரெய்லரில் பின்விளக்கு இருக்காது, இருந்தாலும் தொங்கும் தோகை மூடிக்கொள்ளும். ஒரு நாள் கரும்பு நுனி கையெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். அடுத்த வாரமே சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு கிட் வாங்கினேன்.

என்னுடையது 350 சிசி வண்டி, 60/55 வாட் எச்4 பல்பு, அதாவது பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனி இழை உள்ள ஹாலஜன். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து டிசி மின்சாரம் வருகிறதா என்பதுதான். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் விளக்கு பிரகாசமாகி, விட்டால் மங்குகிறது என்றால் அது ஏசி. பல பழைய 100 சிசி வண்டிகள் அப்படித்தான். அதில் கிட்டை நேரடியாக இணைத்தால் வேலை செய்யாது.

எச்.ஐ.டி. பல்புக்குள் இழை கிடையாது. செனான் வாயு நிரம்பிய சிறு குமிழில் இரண்டு முனைகளுக்கு இடையே மின்வில் எரிகிறது. அதைக் கொளுத்த 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு அடி வேண்டும், எரிந்துகொண்டிருக்க ஏறக்குறைய 85 வோல்ட் போதும். பேலஸ்ட் பெட்டியின் வேலை இதுதான். எரியும்போது அதன் இணைப்புகளில் கை வைக்காதீர்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடவும் கூடாது, எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் சூடேறிக் கெட்டுவிடும்.

ஒயரிங்கில் ரிலேதான் முக்கியம்; சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது, முனைகளில் எண் போட்டிருக்கும். 30-ஆம் முனைக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியாக ஒரு தடித்த ஒயர், 87 பேலஸ்ட்டுக்கு, 85 எர்த், 86 பழைய ஹெட்லைட் சாக்கெட்டிலிருந்து வரும் ஒயருக்கு. 35 வாட் கிட் ஓடும்போது 3 ஆம்பியர்தான் எடுக்கும் என்றாலும் கொளுத்தும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பழைய சுவிட்ச் அதைத் தாங்காது. என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே விளக்கைப் போடுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்சே இல்லை, அதற்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைக்க வேண்டியிருக்கும்.

முதல் இரவு திருவிழா போல இருந்தது. எச்4 ஹாலஜன் டிம்மில் 1,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும், இது ஏறக்குறைய 3,000. புளியமரத்தின் உச்சிக்கிளை வரை தெரிந்தது. உச்சிக்கிளை ஏன் தெரிகிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

செஞ்சிக்கு முன்னால் ஒரு டீக்கடையில், மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, லாரி வருகிறது என்று நினைத்து மண்ணில் இறங்கிவிட்டேன். டிம் பண்ணக் கூடாதா?" என்றார். டிம்மில்தான் வந்தேன் ஐயா என்றேன். அவர் நம்பவில்லை. வீட்டுக்குப் போனதும் என் தம்பியிடம் வண்டியைக் கொடுத்து, டிம் போட்டு எதிரே வரச் சொல்லிவிட்டு அவனுடைய ஸ்கூட்டரில் நான் போனேன். இருநூறடி இருக்கும்போதே சாலையின் ஓரக்கோடு காணாமல் போயிற்று. அவன் கடந்து போன பிறகும் சில நொடிகள் கண்ணுக்குள் ஒரு பச்சை வட்டம் மட்டும் நின்றது. அந்த நொடிகளில் முன்னால் மாடு நின்றிருந்தால் முட்டியிருப்பேன்.

காரணம் பல்பு இல்லை, டூம், அதாவது பல்பு உட்காரும் ஹெட்லைட் கூடு. எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதனால் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டுச் சாலையை நோக்கி இறங்கும். இழை எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கண்ணாடியை வளைத்திருக்கிறார்கள். எச்.ஐ.டி.யில் ஒரே குமிழ், அதை ஒரு மின்காந்தம் டக்கென்று முன்னும் பின்னும் நகர்த்தி டிம், பிரைட் என்று பெயர் பண்ணுகிறது. மின்வில்லின் வடிவம் வேறு, இடமும் துல்லியமில்லை. ஆகவே வெளிச்சம் புளியமரத்துக்கும் பெரியவரின் கண்ணுக்கும் போகிறது. ஒரு காலத்தில் நம் ஊரில் போலீஸார் ஹெட்லைட் நடுவே கருப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்களே, அந்த வைத்தியம் இதற்குப் பலிக்காது. 8000 கெல்வின் (விளக்கின் நிறத்தைச் சொல்லும் எண்) நீல விளக்கு வாங்குகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. 4300-ஐவிட வெளிச்சம் குறைவு, எரிச்சல் மட்டும் அதிகம்.

கழற்றிய பிறகு செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மல்டிமீட்டரால் அளந்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு முனையில் 11.9. மெல்லிய ஒயரும் தேய்ந்த சுவிட்சும் மீதியைத் தின்றிருந்தன. வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். என் விளக்கு நாற்பது சதவீதத்தை வழியிலேயே தொலைத்துக்கொண்டிருந்தது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே, ஒரு பீங்கான் சாக்கெட், புது 60/55 பல்பு. எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய். பல்பில் 13.4 வோல்ட் வந்தது. இன்றும் அதிலேதான் ஓட்டுகிறேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் போன்ற மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

எச்.ஐ.டி.தான் வேண்டும் என்றால் லென்ஸும் உள்ளே வெளிச்சத்தை வெட்டும் தகடும் உள்ள புரொஜெக்டரோடு போட வேண்டும். சட்டத்தின் கண்ணில் அதுவும் மாற்றம்தான், ஆனால் எதிரே வருகிறவருக்குக் கண் தெரியும். அதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியிலும் பல்பு முனையிலும் அளந்துவிட்டு, இரண்டு எண்களையும் வண்டியின் மாடலையும் சொல்லுங்கள். மேற்கொண்டு பேசலாம்.